சடக்கோர வாய்க்கால்



அரசர்களின் வரலாறு உண்டு. போர்களின் வரலாறு உண்டு. துறைமுகங்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு உண்டு. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ மிக எளிய ஒரு பொருள். சாலையின் இரு பக்கமும் ஓடுகின்ற சிறு வாய்க்கால். நம் நாட்டுத் தமிழர் பேச்சில் சொல்வதானால் சடக்கோர வாய்க்கால். இரண்டடி அகலப் பள்ளத்துக்கும் ஒரு வரலாறா என்று சிலர் கேட்கக்கூடும். தைப்பிங் வட்டாரத்தில் அதற்கு வரலாறு உண்டு. அது ஒரு போரில் தொடங்கி, டிராக்டரின் பின்னால் இழுபடும் இரும்புத் தகடுவரை வருகிறது. இடையில் நம் முன்னோர் பலருடைய உழைப்பும், சிலருடைய உயிரும் அதில் கலந்திருக்கின்றன.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். தைப்பிங்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்ப மலேசியாவின் சராசரி மழை ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர். சென்னை நகரத்துக்குக் கிடைப்பது சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். தைப்பிங்குக்கு மட்டும் ஏன் இத்தனை மழை? ஊரின் மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே சுவர்போல எழுந்து நிற்கும் மலைத்தொடர். அதில் ஊரை ஒட்டியிருப்பது புக்கிட் லாருட். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று அந்த மலைகளில் மோதி மேலே எழும்புகிறது, எழும்பும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கிறது. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று அவ்வூர்ப் பெரியவர்கள் பந்தயம் கட்டுவார்கள் என்பது நாடறிந்த வேடிக்கை.

இந்த மழை ஒரு மண்சாலையை என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 4 மீட்டர் அகலமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள சாலையின் பரப்பு 4,000 சதுர மீட்டர். ஒரு பிற்பகலில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தச் சாலையின்மேல் மட்டும் 2 இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அதன் எடை 200 டன். பக்கத்து மேட்டிலிருந்து வழிந்து வருவது இதில் சேராது. இவ்வளவு நீரும் போவதற்கு வழி வேண்டும். வழி விடாவிட்டால் நீர் தானே ஒரு வழியை அமைத்துக்கொள்ளும். அந்த வழி சாலையின் நடுவிலேயே அமையும்.

இனிப் போரின் கதைக்கு வருவோம்.

1840-களின் இறுதியில் லாருட் பகுதியில் ஈயச் சுரங்கத் தொழிலை லோங் ஜாபார் என்னும் மலாய்த் தலைவர் வளர்த்தார். சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வந்தார்கள். கிளியான் பாவ் என்னுமிடத்தில் ஹாய் சான் கூட்டத்தாரும், கிளியான் பாரு என்னுமிடத்தில் கீ ஹின் கூட்டத்தாரும் சுரங்கம் வெட்டினார்கள். முன்னது இன்றைய தைப்பிங். பின்னது இன்றைய கமுந்திங். ஈயத் தொழிலுக்கு நீர் இன்றியமையாதது. மண்ணை அலசி ஈயத்தைப் பிரிப்பதற்கு ஓடும் நீர் வேண்டும். அதே நீர் குழிக்குள் பாய்ந்துவிட்டால் வேலை நின்றுபோகும். ஆகவே வாய்க்கால் யார் கையில் இருக்கிறதோ, சுரங்கமும் அவர் கையில்தான்.

1861-ஆம் ஆண்டு ஒரு நீரோடை யாருக்கு உரியது என்பதில் இந்த இரு கூட்டத்தாருக்கும் தகராறு மூண்டது. லாருட் போர்கள் என்று வரலாற்றில் பெயர்பெற்ற சண்டைகளில் முதலாவது அதுதான். பிறகு வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. மலாய்த் தலைவர்களின் வாரிசுரிமைப் பூசலும் அதில் கலந்தது. சண்டை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் நீடித்தது. 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பேராக்கில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் காலூன்றியதும் அதனால்தான். கிளியான் பாவ் என்ற பெயர் போய், பேரமைதி என்று பொருள்படும் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. வாய்க்கால் சண்டையில் அழிந்த ஊர் அமைதியைப் பெயராகச் சூடிக்கொண்டது.

அமைதி வந்தபின் வேண்டியது பாதை. ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோகவேண்டும். அரிசியைச் சுரங்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். அக்காலத்துப் பயணம் எப்படி இருந்தது? 1879-ஆம் ஆண்டு இசபெல்லா பேர்ட் என்னும் ஆங்கிலப் பயண நூலாசிரியை தைப்பிங்குக்கு வந்தார். அங்கிருந்து கோலகங்சாருக்குச் சென்றபோது வழியில் யானைமேல் ஏறிப் போகவேண்டியிருந்தது. சேற்றில் வண்டிச் சக்கரம் புதையும் இடத்திலும் யானை நடந்துவிடும் அல்லவா?

1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அவர் காலத்தில்தான் இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை போடப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 8 மைல். 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது திறக்கப்பட்டது. அந்தப் பாதையை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படை என்னும் தொழிலாளர் அணியின் இரு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. படை என்ற பெயர் இருந்தாலும் அவர்களுடைய ஆயுதம் துப்பாக்கி அல்ல. மண்வெட்டியும் கடப்பாரையும் கூடையும்தான். தாமஸ் ஸ்கின்னர் போன்றோரின் மேற்பார்வையில் கண்டிச் சீமைக்கு மலைச்சாலைகள் போட்ட மரபு அந்த அமைப்புக்கு இருந்தது. அதில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழர்கள்.

போர்ட் வெல்ட் பக்கம் அலையாத்திக் காட்டுச் சதுப்பு நிலம். சதுப்பில் பாதை போடுவது எப்படி? பாதை செல்லவேண்டிய கோட்டின் இரு பக்கமும் மண்ணை வெட்டி நடுவில் குவித்துக் கரை எழுப்பவேண்டும். மண் எடுத்த பள்ளங்களே இரு பக்க வாய்க்கால்களாகிவிடும். கரை உயர உயர வாய்க்கால் ஆழமாகும். பாதை வேறு, வாய்க்கால் வேறு அல்ல. ஒரே மண்வெட்டியின் ஒரே வீச்சில் இரண்டும் பிறக்கின்றன. நல்ல சாலை எதுவானாலும் அதன் இரகசியம் இதுதான். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மக்காடம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகுக்குச் சொன்ன பாடமும் இதுவே. சாலையின் பாரத்தைத் தாங்குவது மேலே பரப்பும் கல் அல்ல. அடியிலுள்ள இயற்கை மண். அந்த மண் உலர்ந்திருக்கும்வரை எந்த வண்டியையும் தாங்கும். நனைந்துவிட்டால் எந்தக் கல்லையும் விழுங்கிவிடும்.

போர்ட் வெல்ட் இன்று கோல செப்பத்தாங் என்று வழங்கப்படுகிறது. இரயில் ஓட்டம் நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை மட்டும் அங்கே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் அதில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பாதையில் மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களுடைய மொழியாவது நிற்கிறதே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

சாலை போடுவது ஒருமுறை நடக்கும் வேலை. அதைக் காப்பது முடிவில்லாத வேலை. மழைநாட்டில் வாய்க்கால் தானாகவே மூடிக்கொள்ளும். மேட்டு மண் கரைந்து வந்து அடியில் படியும். படிந்த மண்ணில் புல் முளைக்கும். புல் மேலும் மண்ணைப் பிடித்துவைக்கும். சில பருவங்கள் கவனியாது விட்டால் வாய்க்கால் இருந்த இடமே தெரியாது. அதனால் பொதுப்பணி இலாகா சாலைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மண்டோரையும் அவருக்குக்கீழ் ஒரு கூட்டத்தாரையும் நியமித்தது. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். பாதையோர இலாகா லயங்களில் அவர்களுடைய குடும்பங்கள் வாழ்ந்தன. தோட்டங்களில் இதே வேலை வெளிக்காட்டு வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. காலைப் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டுச் சிலர் பால்மரத்துக்குப் போவார்கள். சிலர் வாய்க்கால் வெட்டப் போவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கான் வெட்டுதல் என்று சொல்லப்படுவது இதே வேலைதான்.

ஆள் எப்படிக் கிடைத்தார்கள் என்பதும் வரலாறே. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிமுறை இருந்தது. 1910-ஆம் ஆண்டு அது முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் பலர் வந்தார்கள். 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டு, அதிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்கள் இங்கே வருவதைத் தடுத்தது. இந்த முப்பது நாற்பது ஆண்டுக்கால இடைவெளியில்தான் பேராக்கின் தோட்டத்துச் சாலைகள் பெரும்பாலும் உருவாயின.

இதுவரை சாலையைக் காக்கும் வாய்க்காலைப் பற்றிச் சொன்னோம். உயிரைக் காத்த வாய்க்காலும் உண்டு. உயிரை வாங்கிய வாய்க்காலும் உண்டு.

1897-ஆம் ஆண்டு இந்தியாவில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டுபிடித்தார். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவினால் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது மால்கம் வாட்சன் என்னும் டாக்டர், காட்டை வெட்டி, சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். நோய் வெகுவாகக் குறைந்தது. ராஸின் கண்டுபிடிப்பு மண்வெட்டியினால் மெய்ப்பிக்கப்பட்ட முதல் இடங்களுள் அது ஒன்று.

ஆனால் அதே வைத்தியம் மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. ஏன்? கடற்கரைச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு நிழலான தேங்குநீரில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது ஒழிந்தது. மலையடிவாரத்துக் கொசு வேறு சாதி. அது வெயில் படுகிற தெளிந்த ஊற்றுநீரில், மெல்ல ஓடும் சிற்றோடையில் வளர்வது. காட்டை வெட்டிப் பள்ளத்தாக்கு ஓடையைத் திறந்துவிட்டால் அந்தக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிறது. புதிதாகத் திறந்த மலைத்தோட்டங்களில் நம் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிறகு வாட்சன் ஊற்றுநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தும் முறையைக் கையாண்டார். நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் வழக்கமும் வந்தது. வாய்க்கால் வெட்டுவது மட்டும் போதாது. அது எந்த நிலத்தில், எந்த நீருக்காக வெட்டப்படுகிறது என்ற அறிவும் வேண்டும். இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது.

இன்னொரு பாடமும் அக்காலத்தில் கிடைத்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த தலைமுறைக்குள் பேராக் மலைச்சரிவெல்லாம் ரப்பர் மயமாயிற்று. தொடக்கத்தில் மரத்தடியில் ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கிவைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளமாகக் கருதப்பட்டது. அதன் விளைவு, வெறும் மண் மழையில் கரைந்து ஓடியது. சாலையோர வாய்க்கால்கள் தூர்ந்தன, ஆறுகள் மேடிட்டன. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணலும் அதனோடு சேர்ந்தது. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் நாட்டையே உலுக்கியது. 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தனியாக அமைக்கப்பட்டது. தோட்டங்களிலும் மூடுபயிர் வளர்த்து மண்ணைக் காக்கும் முறை பரவியது. வாய்க்காலைச் சுத்தம் செய்வதைவிட, வாய்க்காலுக்கு மண் வராமல் தடுப்பது மேல் என்பது அந்த அனுபவம் தந்த முடிவு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மண்வெட்டியின் இடத்துக்கு இயந்திரம் வரத் தொடங்கியது. இதற்கு முன்னோடி அமெரிக்காவில் உண்டு. 1896-ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்து விவசாயி வார்டு கிங் என்பவர், பிளந்த மரக்கட்டை இரண்டை இணைத்துக் குதிரை பூட்டி ஈரச்சாலையில் இழுத்தார். பள்ளங்கள் நிரவி, நடுமேடு எழுந்து, சாலை வண்டி ஓட்டத்துக்கு ஏற்றதாயிற்று. அந்தக் கட்டையின் பேரப்பிள்ளைதான் இன்று டிராக்டரின் பின்னால் இருக்கும் தகடு. ஹாரி பெர்கூசன் வடிவமைத்த சிறு டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. மூன்று இணைப்புத் தண்டுகளால் பின்கருவியைப் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்த அந்த அமைப்பு, பிறகு உலகின் எல்லா டிராக்டர்களுக்கும் பொதுவாயிற்று.

டிராக்டரைக்கொண்டு வாய்க்காலைச் சீர்செய்யும் முறை இதுதான். முதலில் வாய்க்காலின் புல்லை வெட்டி அப்புறப்படுத்தவேண்டும். மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும் நேரமே ஏற்றது. காய்ந்த மண் தகட்டை எதிர்க்கும், சேற்று மண் வழுக்கிவிடும். தகட்டைக் குறுக்காகத் திருப்பி, ஒரு முனையைத் தாழ்த்தவேண்டும். டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரங்கள் வாய்க்கால் ஓரத்தில் ஓட, தாழ்ந்த முனை அடிமண்ணைச் சீவி மேலே தள்ளும். அடுத்த ஓட்டத்தில் அந்த மண் சாலையின் நடுப்பக்கம் போகும். 12 அடி அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரங்களைவிட 3 அங்குலமாவது உயர்ந்திருந்தால்தான் மழைநீர் தங்காமல் வழியும். வேரும் சேறும் கலந்த மண்ணை மட்டும் சாலையில் ஏற்றலாகாது. அடுத்த மழையில் அது களியாகிவிடும்.

வாய்க்காலின் சுவர் செங்குத்தாக இருந்தால் இடிந்து விழும். சாய்வாக இருந்து புல் மூடியிருந்தால் நிற்கும். ஆகவே அடியை மட்டும் சீவிச் சரிவுப் புல்லை விட்டுவைப்பதே அறிவு. நீண்ட இறக்கத்தில் நீர் வேகம் பிடித்து வாய்க்காலையே அரித்துவிடும். அதற்காக இடையிடையே கிளை வாய்க்கால் வெட்டி நீரைப் பக்கத்து நிலத்துக்குள் பிரித்துவிடவேண்டும். கடைசியாகக் குழாய்ப்பாலம். சாலைக்கு அடியில் நீர் கடக்கும் அந்தக் குழாயின் வாயை எந்தத் தகடும் துப்புரவு செய்யாது. அங்கே மனிதன் இறங்கி மண்வெட்டியால்தான் அள்ளவேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் மேலே எத்தனை மைல் சீர்செய்திருந்தாலும் பயனில்லை. நீர் சாலையை உடைத்துக்கொண்டு போகும். புக்கிட் லாருட் மலைச்சாலை மண்சரிவினால் பலமுறை மூடப்பட்டதை அறிந்தவர்களுக்கு நீரின் வலிமையை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

டிராக்டர் பத்துப்பேர் வேலையை ஒருவரைக்கொண்டு செய்தது. அது நன்மையே. ஆனால் அந்தப் பத்துப்பேர் என்னவானார்கள்? அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1968-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. பத்திரம் கிடைக்காத ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் 1969-ஆம் ஆண்டையொட்டிக் கப்பலேறினார்கள். குடியுரிமைக்கு மனுப்போட வேண்டும் என்று அறியாமல் இருந்துவிட்டவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வாழ்நாள் முழுதும் இந்த மண்ணை வெட்டியவர்களுக்கு இந்த மண்ணில் இருக்க ஒரு தாள் இல்லை. கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போது, அவற்றைப் பிடித்த கைகளின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பதே முறை.

இன்றைய நிலையையும் சொல்லி முடிக்கிறேன். நகரங்கள் வளர்ந்தபோது, மண் வாய்க்கால் போய்ச் சிமெண்டுக் கால்வாய் வந்தது. நீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றலாம் என்பதே குறிக்கோளாயிற்று. விரைந்து போன நீர் கீழே உள்ள ஊரில் வெள்ளமாய் நின்றது. ஆகவே வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடு வேறு வழியைச் சொல்கிறது: நீரை விழுந்த இடத்திலேயே தணித்து, மெல்லப் போகவிடு, முடிந்த இடத்தில் புல் வாய்க்காலைப் பயன்படுத்து. அகன்று, ஆழம் குறைந்து, புல் மூடிய அந்த வாய்க்காலைப் பழைய மண்டோர் ஒருவர் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

போர்ட் வெல்ட் பெயர் மாறிவிட்டது. மாக்ஸ்வெல் மலை புக்கிட் லாருட் ஆகிவிட்டது. ஈயக்குழிகளில் சில 1880-களிலேயே ஏரிப்பூங்காவாகிவிட்டன. மழை மட்டும் மாறவில்லை. ஆகவே கம்பத்திலோ தோட்டத்திலோ மண்சாலை ஓரத்தில் வாழ்கிற நேயர்கள், அடுத்த பெருமழை ஓய்ந்ததும் ஒருமுறை வெளியே வந்து பாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாயின் வாய் அடைத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். டிராக்டர் வருவதற்கு நாளாகலாம். ஒரு குழாயின் வாயை அடைத்த குப்பையை அகற்ற ஒரு மண்வெட்டியும் அரைமணி நேரமும் போதும்.